பின்வரிசை, இடது மூலை

விடுதியின் பித்தளைச் சாம்பார் வாளிதான் கோப்பை.
காணும் பொங்கலன்று மன்னார்குடியில்
எண்பத்தேழாம் செட்டும் தொண்ணூற்றொன்றும்
பூப்பந்தில் மோதும்.
தோற்றவர் வாளி துலக்கி
வென்றவருக்குப் பரோட்டா வாங்கித் தரவேண்டும்.

நாங்கள் நாலு பேராகத்தான் இறங்குகிறோம்.
பின்வரிசை இடது மூலை ஜெகபருடையது.
மூன்று வருடமாய் அங்கே
அவன் மட்டை மட்டும் கிடக்கிறது.
அந்தப் பக்கம் யாரும் அடிப்பதில்லை;
எழுதாத விதி.

இந்த முறை
இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு.
சர்வீஸ் அவர்களுக்கு.
செங்குட்டுவனுக்குக் கை தவறியதோ என்னவோ,
மஞ்சள் பந்து
அந்த மட்டையின் நரம்பில் விழுந்து
ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

விசில் நடுவர் வாயிலேயே நின்றது.
செங்குட்டுவன் காதைப் பிடித்துக்கொண்டான்.

"பாயிண்ட் குடுங்க சார்,"
என்றான் எங்கள் கலியபெருமாள்.
"அவன் இருந்தாலும் விட்டிருப்பான்."

வாளிக்கு
அரைக் கிலோ புளி பிடித்தது.