வாராப் பதினொருவர்

ஔலு நகரில் நவம்பர், மூன்று மணிக்கே
விளக்குக் கேட்கிறது.
மெர்வி எண்ணி முடித்தாள்:
இரண்டாயிரத்து நூற்று நாற்பது கட்டுரைகள்.
எல்லாம் ஒரே கேள்விக்கு.
ஈறுநோய் தின்ற வாயில்
இம்பிளான்ட் எத்தனை காலம் நிற்கும்?

சலித்தாள்.
ஒரே ஆய்வு நாலு சட்டை மாற்றி
நாலு இதழ்களில் நின்றிருந்தது.
எலிகள் போயின. நாய்கள் போயின.
ஒப்பிட ஆளில்லாதவை,
ஆறாம் மாதமே வெற்றி என்று எழுந்துகொண்டவை.
எலும்பு மெல்லத்தான் விலகும்,
இதழ்களின் கடைசித் தேதி அதற்குத் தெரியாது.
திருகாணி விற்பவனே செலவழித்தவற்றைத்
தள்ள விதியில்லை,
ஓரத்தில் சிவப்பு மை வைத்தாள்.
மிஞ்சியது ஒன்பது.
ஒன்பதில் பல்லிளிக்காதவை இரண்டு.

இரண்டில் ஒன்று இந்த ஊரிலேயே நடந்தது.
எழுபது பேர், ஐந்து ஆண்டு.
நிலைத்தவை தொண்ணூற்றேழு சதவீதம்.
அட்டவணைக்குக் கீழே, எறும்பு எழுத்தில்:
பதினொருவர் திரும்பி வரவில்லை.

மாலை, அடுக்ககத்தின் சலவை அறையில்
இரண்டாம் மாடி தாவ்னோ
ஈரப் போர்வையை உதறிக்கொண்டிருந்தார்.
முப்பத்தோராண்டு காகித ஆலையில் இருந்தவர்.
அவள் கணக்கைச் சொன்னதும்
"அச்சடிக்கத்தானே செய்தோம், அடிக்கட்டும்" என்று சிரித்தார்.
இடது கீழ் வரிசையில் ஒரு பள்ளம்.
"நானும் ஒன்றில் இருந்தேன், தெரியுமா?
நாலாம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை,
கறுப்பு ரொட்டியோடு வந்துவிட்டது.
தூண்டில் முள் டப்பாவில் கிடக்கிறது."
ஏன் போய்ச் சொல்லவில்லை?
போர்வையின் மூலையைத் தேடினார்.
"அந்த டாக்டர் பெண் அவ்வளவு நல்லவள்.
உடைந்ததை எப்படி அவள் கையில் கொடுப்பது?"

தமிழில் 'வாராத' என்பது 'த'வை இழந்து
'வாரா' என்று நிற்கும்.
ஈறுகெட்ட எதிர்மறை என்று பெயர்.
யாரோ இவர்களைப் பார்த்து வைத்ததுபோல.

மெர்வியால் அவரைச் சேர்க்க முடியாது.
சலவை அறையில் கேட்டது சான்றல்ல.
மாணவர்களுக்கு அவளே அப்படித்தான் சொல்கிறாள்.
இரவு, வேறொரு கணக்கு மட்டும் போட்டாள்:
பதினொருவருக்கும் விழுந்திருந்தால்?
தொண்ணூற்றேழு, எண்பத்தொன்றாகிறது.
ஒருவருக்கும் விழாதிருந்தால்,
தொண்ணூற்றேழு அப்படியே.
இரண்டாவது பொய்யென்று அவளுக்குத் தெரியும்.
எழுதத்தான் வழியில்லை.

சான்றின் உறுதி என்ற கட்டத்தில்
'குறைவு' என்று தட்டினாள்.
அடித்தாள். 'மிகக் குறைவு' என்றாள்.
காரணம் கேட்கும் சிறு கட்டம்
காத்திருந்தது.

மாடியில் யாரோ
போர்வையை மறுபடி உதறும் சத்தம்.