கச்சான் வந்த பிறகு

டோரீனுடைய கோதுமைப் பண்ணையிலிருந்து
மூஸ் ஜாவுக்கு அவனைக் காரில் ஏற்றிய அன்று
அவள் சொன்னதில் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.
மிச்சம் ஞாபகம் இருக்கிறது:
"இது பிரிட்டனி. பறவை தேடப் பிறந்தது.
நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடவிடு,
இல்லாவிட்டால் உன் சோபாவுக்குள் தேடும்.
குரலை மட்டும் உயர்த்தாதே."

பதினேழு கிலோ. மடியில் வைக்கப் பெரிசு,
அவனுக்கு அது தெரியாது.
வெள்ளை உடம்பில் வறுத்த கடலைத் தோல் நிறத் திட்டுகள்,
அதனால்தான் கச்சான்.
மைனஸ் முப்பதிலும்
காலை ஐந்தரைக்கு என் போர்வைக்குள் மூக்கை நுழைப்பான்.
தெரு உப்பு பாதத்தை வெடிக்கவைக்கும்,
நாலு காலுக்கும் சப்பாத்து மாட்டவேண்டும்.
மூன்றாவதை மாட்டும்போது
முதலாவது கழன்றிருக்கும்.

அறுத்த வயலுக்குள் விட்டுவந்தால்
காது மயிர் முழுக்க ஒட்டுமுள்.
எண்ணெய் தடவி ஒவ்வொன்றாய் எடுப்பேன்,
விரலிடுக்கில் உண்ணி பார்ப்பேன்,
காதுக்குள் மோந்து பார்ப்பேன்.
புளித்த மா வாசம் வந்தால் டொக்டரிடம்.

ஒருநாள் வேலியோரம் சட்டென்று நின்றான்.
ஒரு முன்கால் மடிந்தபடி காற்றில்,
மூக்கிலிருந்து வால்வரை ஒரே கோடு.
எனக்கு வெறும் புல்தான் தெரிந்தது.
நான் ஓரடி வைத்தேன்,
புல் வெடித்து ஒரு கௌதாரி பறந்தது.

மார்ச்சில், வங்கிக் கடிதம் வந்த இரவு
நிமலரூபன் கத்தினார். நானும்.
"உங்கட தம்பிக்குக் குடுத்த காசு" என்று தொடங்கி
எங்கெங்கோ போனோம்.
மேசைக்கடியில் ஈரம்.
கச்சான் தன் மூத்திரத்திலேயே படுத்து
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் துணி எடுத்தார், நான் வாளி.
முழங்காலில் நின்று துடைத்தபடி
சண்டையைத் தொடர்ந்தோம்,
பரீட்சை மண்டபத்தில் விடை கேட்கிற குரலில்.
"எட்டாயிரம் டொலர்."
"தெரியும்."
"எனக்கு ஏன் சொல்லேல்லை?"
"பயந்திட்டன்."

பதினோரு வருடத்தில்
அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை.
சொல்லியிருப்பாரோ என்னவோ,
என் சத்தத்துக்கு மேலால்.

கச்சான் ஊர்ந்து வெளியே வந்தான்,
கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தான்.
மணி பத்தரை. கடன் அப்படியே இருந்தது.
இரண்டு சப்பாத்து நான் மாட்டினேன், இரண்டு அவர்.
நாலும் ஒரே நேரத்தில் காலில் இருந்தது
அன்றைக்கு மட்டும்தான்.