அழுகல் கணக்கு

வருமான வரி ஆள் என்று நினைத்து
அசல் சிட்டையைப் பரணில் போட்டுவிட்டு
மற்றதைக் காட்டினோம்.
"இதில் ஒரு பழம்கூட அழுகவில்லையே" என்றார்
மாதம்மாள் டீச்சர். கல்லூரிக்கு அப்போது புதுசு.

மூன்று வைகாசி
காவேரிப்பட்டணம் மண்டியில் எங்களோடு நின்றார்.
ஒரு கூடை பெங்களூராவில்
எத்தனை ஒழுகுகிறது, எத்தனை மாட்டுக்கு,
எடைக்காரர் மடியில் எத்தனை வீட்டுக்குப் போகிறது,
எல்லாம் எழுதினார்.
மடியில் போனதை மட்டும்
நட்டத்தில் சேர்க்கவில்லை.
"அது கூலி" என்று தனிப் பத்தி போட்டார்.

அந்தப் பத்திக்குத்தான்
டாக்டர் பட்டம், துறைத் தலைவர் நாற்காலி,
கடல் தாண்டி அழைப்பு.
பாடப்புத்தகத்தில் நம்ம மண்டி
அறுபத்திரண்டாம் பக்கம் என்று பையன் காட்டினான்.
ஈ மொய்ப்பது அதில் இல்லை.

ஓய்வு பெற்ற மறுவாரம் வந்தார்.
பரண் ஏறி
அசல் சிட்டையை எடுத்துக் கொடுத்தேன்.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தவர்
ஓரிடத்தில் விரல் வைத்தார்:
'மாதம்மாள் டீச்சர், செந்தூரா ஒன்பது, பற்று.'

"வாராக்கடன். ஏன் இன்னும் தள்ளுபடி செய்யவில்லை?"

தராசில் கூடை ஏறிவிட்டது.
நான் எடை சொல்லப் போனேன்.