கழுத்து எப்படி இருந்தது

"அதன் கழுத்து எப்படி இருந்தது?"
ரம்பத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள் எடூலியா.
சொல்ல வரவில்லை எனக்கு.
நீலக் கயிறொன்றை எடுத்து
என் கழுத்திலேயே சுற்றிக் காட்டினேன்.
"இப்படி. இன்னும் இறுக்கமாக."
பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

நான் முக்குளிக்கிறவன்.
சிலோயே தீவில், சால்மன் பண்ணையில்,
கூண்டின் அடியில் செத்துக் கிடக்கும் மீன்களைப்
பைபையாக மேலே அனுப்புவது என் வேலை.
போன ஆகஸ்டில் வெளிவலையில் சிக்கி
தலைகீழாக நின்றது அந்தக் கடற்சிங்கம்.
அறுத்துவிட்டபோது என் தோளில் சாய்ந்தது,
பேருந்தில் தூங்கிப்போன
பக்கத்து இருக்கைக்காரர் மாதிரி.

அக்கா அதைச் செய்கிறாள்
கரை ஒதுங்கிய தெர்மாகோல் மிதவைகளால்:
பாசி ஏறியவை, நண்டு குடைந்தவை,
எங்கள் கம்பெனி முத்திரை பாதி அழிந்தவை.

அறுக்க அறுக்க வெள்ளை மணிகள்.
கொட்டகைக்குள் புகுந்து
அள்ளிக்கொண்டு போனது தெற்குக் காற்று.
அவள் தலைமுடியில், நாயின் முதுகில், ஆறிய காபியில்,
ஏற்றம் வந்தபோது
நீரில்.

இரண்டு குளிர்காலம் குனிந்து பொறுக்கியதை
ஒரே மதியத்தில்
மணி மணியாகத் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

அழவில்லை.
பக்கத்து வீட்டு வாக்குவம் கிளீனரை இரவல் வாங்கி
சரளைக் கரையை உறிஞ்சினாள், தூறலில்,
ஒயர் எட்டும் தூரம் மட்டும்.
சிப்பி எடுக்க வந்த ஒர்த்தென்சியா மில்லகூரா
வாய்விட்டுச் சிரித்தாள்.
பிறகு கூடையை இறக்கிவைத்து
விரலால் பொறுக்கத் தொடங்கினாள்.

முகம் வைக்கப்படாமலே நிற்கிறது அது.
கம்பெனி மேலாளர் வந்து சுற்றிப் பார்த்தார்.
வரவேற்பறைக்கு வேண்டுமாம்.
அவர் சொன்ன விலைக்குக்
கூரைத் தகடு முழுக்க மாற்றிவிடலாம்.
கழுத்துக் கயிறு மட்டும் வேண்டாமாம்.
அக்கா அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.
பதில் கொடுக்கவில்லை.

நேற்று, பதினெட்டு மீட்டர் ஆழத்தில்,
வயிறு கிழிந்த சால்மன் ஒன்று.
உள்ளே ஒரு வெள்ளை மணி,
கடுகைவிடச் சற்றே பெரிது.
பண்ணையுடையதா, ரம்பத்துடையதா?
விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மணியில் பெயர் எழுதியிருக்கவில்லை.
கையுறைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாப்பிடும்போது கேட்டாள்,
"கீழே என்ன இருந்தது இன்றைக்கு?"

"வழக்கம்போலத்தான்" என்றேன்.
உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டே இருந்தது அது.