தொடரவா?

நாகலூர் தாண்டி, மிளகுக்கொடி ஏறிய
சில்வர் ஓக்குகளுக்கு நடுவே
கொஞ்சம் வானம் கிடைத்த மேட்டில் ஒரு சர்வே கல்.
அதன் தலையில் கொத்திய கூட்டல் குறிக்கு நேர் மேலே
முக்காலியை ஊன்றி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து
ரிசீவரைத் திருகி மாட்டினேன்.
இனி இது நகராது.
நகராமல் இருப்பதுதான் இதன் உத்தியோகம்.

ரெஜினா இன்னொன்றைக் கம்பத்தில் தூக்கிக்கொண்டு
காப்பிச் செடிகளுக்குள் இறங்கிவிட்டாள்.

வேறொன்றுமில்லை:
தான் நிற்கும் இடம் கல்லுக்குத் தெரியும்.
மேலே பதினேழு செயற்கைக்கோள்கள் வேறொன்று சொல்லும்.
அந்த வித்தியாசத்தை
நொடிக்கொரு தரம் ரேடியோவில் ஒப்புக்கொண்டே இருக்க வேண்டும்.
கேட்கிறவள் தன் கணக்கில் கழித்துக்கொள்வாள்.

அலைவரிசை மூன்று.
வேகம் பத்தொன்பதாயிரத்து இருநூறு.
பதினைந்து பாகைக்குக் கீழே தெரிவது எதையும் நம்பாதே,
அங்கே பாதி மரக்கிளை.
கல்லின் அட்சரேகையைத் தாளைப் பார்த்து அடித்தேன்.
திரை கேட்டது:
நீங்கள் சொன்ன இடத்துக்கும் நான் காணும் இடத்துக்கும்
வேறுபாடு அதிகம். தொடரவா?
அட்டை ஒன்று கெண்டைக்காலில் ஏறிக்கொண்டிருந்தது.
ஆம்.

"மிதக்குதுக்கா, நிக்க மாட்டேங்குது."
"திருத்தம் வருதா?"
"வருது. வயசு நாப்பது செகண்டு. அம்பது."
பழைய திருத்தம் யாருக்கு வேண்டும்.
தேடிப் பார்த்தால், நான் மூன்றாம் பதிப்பில் பேச
அவள் கருவி இரண்டாம் பதிப்பில் காது கொடுத்திருக்கிறது.
மாற்றினாள்.
"பச்சை!" என்றாள். போன் தேவைப்படவில்லை,
பள்ளத்திலிருந்தே கேட்டது.

வேலிக்கால், பம்ப் அறை, கூலி லைனின் குளியலறை,
பேச்சுவார்த்தை நின்றுபோன மார்ட்டினுக்கும் வின்சென்ட்டுக்கும்
நடுவில் காய்க்கும் பலாமரம்.
நூற்று நாற்பத்து மூன்று புள்ளிகள்.
ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் சுத்தம்.

சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து
வான்படத்தின் மேல் விரித்தேன்.
பம்ப் அறை தார்ச்சாலை நடுவில் நின்றது.
பலாமரம்
யாரோ ஒருவருடைய ரிசார்ட்டின் நீச்சல் குளத்துக்குள்.

தாளை எடுத்தேன்.
காலைப் பேருந்து பதினான்காவது கொண்டை ஊசியில் திரும்ப
மடியில் வைத்து நான் எழுதிய ஏழு,
ஒன்றைப்போல் நெட்டுக்குத்தலாக.
இருபத்தேழு விகலை, இருபத்தொன்று ஆகிவிட்டது.
எஸ்டேட் மொத்தமும் தெற்கே சரிந்து படுத்திருக்கிறது,
ஒன்றுக்கொன்று துளி பிசகாமல்,
அத்தனையும் பச்சையாக.
அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து
பகல் முழுக்க எத்தனை பொறுப்பாகச்
சொல்லிக்கொண்டிருந்தது அது.
நான் கொடுத்த இடத்தை நம்பி.

ரெஜினா துப்பட்டாவில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.
"காலைல ஒண்ணு கேட்டுச்சு. படிக்காம ஆம்னு அழுத்திட்டேன்."
முள்ளை வைத்த கை நின்றது.
ஏன் என்று கேட்பாள் என்றிருந்தேன்.
"எவ்வளவு?" என்றாள்.
பிறகு, "எந்தப் பக்கம்?"

வடக்கே, நூற்றெண்பத்து நான்கு புள்ளி மூன்று மீட்டர்.

அவளே தட்டினாள்.
புள்ளிகள் ஒரே மூச்சில் மேடேறின.
பலாமரம் குளத்தை விட்டு எழுந்து
அண்ணன் தம்பி நடுவே
மறுபடி போய் நின்றுகொண்டது.
கீழே சேலத்தில் விளக்குகள் வரத் தொடங்கியிருந்தன.

சேமிக்கவா? என்றது திரை.
அதன் கீழே பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி.
டீ ஆறட்டும் என்று
இருவரும் குனிந்து படித்தோம்.