கயிறு கட்டிய தெரு

காற்று வலுக்கும் மாதங்களில் பூன்ட்டா அரேனாஸில்
தெருமுனைக்குத் தெருமுனை கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு கடக்கலாம்,
கை மூட வருகிறவர்கள்.

எனக்கு மூட வராது.
நண்டு ஆலையில் பதினோரு வருடம்
பனிக்கட்டிக்குள் விட்டு எடுத்த கை.
விரல் வெளுத்தது, நீலமானது, பிறகு சிவந்து எரிந்தது.
"குளிர்தானே, எல்லோருக்கும் உள்ளது" என்றார் மேற்பார்வையாளர்.
எல்லோருக்கும் குளிர் உள்ளதுதான்.
எல்லோருடைய மோதிரத்தையும்
அரம் வைத்து அறுக்கவில்லை.

நான்கு மருத்துவர்கள் வலி மாத்திரை தந்தார்கள்.
ஐந்தாமவள், சாந்தியாகோவிலிருந்து மாதம் ஒருமுறை
விமானத்தில் வருபவள்,
என் முன்கைத் தோலைக் கிள்ளப் பார்த்தாள்.
கிள்ளக் கிடைக்கவில்லை.
ஒரு சொல்லைச் சீட்டில் எழுதித் தந்தாள்.
பேருந்தில் மூன்று முறை எழுத்துக் கூட்டினேன்:
ஸ்க்லிரோடெர்மா.
நான்காம் முறை இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

வியாழன் மாலை, தீயணைப்பு நிலையத்தின் பின்னறை.
ரப்பர் குழாய் வாசனை, முழு வேகத்தில் ஹீட்டர்.
ஆறு பேர். சில வாரம் நாலு.
கதவுப்பிடியில் கம்பளித் துணி சுற்றியிருக்கும்,
இரும்பு எங்களைக் கடிக்கும் என்பதால்.
கைகுலுக்கல் கிடையாது.
முழங்கையால் முழங்கையைத் தட்டுவோம்.

வங்கியில் வேலை பார்க்கும் யாஸ்னா அளவுகோல் கொண்டுவருவாள்.
வாய் எவ்வளவு திறக்கிறது?
"மூன்று புள்ளி இரண்டு."
போன மாதம் மூன்றுதான்.
கைதட்டினோம். முட்டியில் முட்டி பட்டு
மரக்கட்டைச் சத்தம்.
நோல்பெர்த்தோ லாரி ஓட்டியவர்.
இரவில் அமிலம் நெஞ்சுக்கு ஏறாமலிருக்கக்
கட்டிலின் தலைமாட்டில் செங்கல் வைத்திருக்கிறார்.
விடிவதற்குள் மனைவி சறுக்கிக்
கால்மாட்டுக்குப் போய்விடுகிறாளாம்.
சிரித்தோம்.
சிரிக்கும்போது உதடு வெடிக்கும். இருந்தாலும் சிரித்தோம்.

மருத்துவச் சீட்டு வாங்க விரலை வைக்க வேண்டும்.
என் விரல்நுனியில் ரேகை வழுக்கிப் போய்விட்டது.
மூன்று முறை சிவப்பு விளக்கு.
நான் நானில்லை என்றது இயந்திரம்.
ஒரு காலை ஐந்து பேரும் வரிசையில் போய் நின்றோம்.
சண்டைக்கு இல்லை.
கவுண்டரில் இருந்த எலியாசரிடம்
"தொட்டுப் பாருங்கள், ஒட்டாது" என்றாள் யாஸ்னா.
தொட்டான்.
இழுத்துக் கட்டிய மேளத்தோல்.
தட்டத் தோன்றியிருக்கும், தட்டவில்லை.
"வலிக்கிறதா?" என்று கேட்டான்.
அடுத்த மாதம் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது,
மாற்று ஷிஃப்ட்காரர்களுக்காக:
*இந்த நோய் உள்ளவர்களிடம் விரல் கேட்காதே.*
நோயின் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை.
நாங்கள் திருத்தவில்லை.

பெர்னார்தா வந்தது அதற்குப் பிறகு.
ஐம்பத்தெட்டு வயது, இறைச்சிக் கடை.
மூன்று வாரம் கையுறையைக் கழற்றவில்லை.
கழற்றிய நாளில்
விரல்நுனியிலிருந்து சுண்ணாம்புத் துகள் எட்டிப் பார்த்தது.
"கேலி செய்யாதீர்கள், என் முகம் மாறிவிடுமா?"

ஹீட்டர் மட்டும் பேசியது கொஞ்ச நேரம்.
"தெரியாது" என்றாள் யாஸ்னா.
"சிலருக்கு மாறும், சிலருக்கு நின்றுவிடும்.
மூச்சுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.
ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே குறித்து வையுங்கள்,
திடீரென ஏறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.
முகத்துக்காக இங்கே அழலாம்.
எனக்கு மாறியது. அழுதேன்."
பெர்னார்தா அழவில்லை.
ரத்த அழுத்தக் கருவி என்ன விலை என்று கேட்டாள்.

அக்டோபரில் ஒரு வியாழன்
காற்று தகரக் கூரைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தது.
வந்தது மூன்று பேர்.
திரும்பும்போது கயிற்றருகே அவளும் நானும்.
முழங்கை மடிப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டு
நண்டுகள் போல் பக்கவாட்டில் நகர்ந்தோம்.
எதிர்முனையிலிருந்து ஒருவன் கத்தினான்:
"கையால் பிடியுங்கள் அம்மா, கையால்!"

நடுத்தெருவில் நின்றுவிட்டாள் பெர்னார்தா.
"முடியாது! எனக்கு ஸ்க்லிரோ—"
மீதியைக் காற்று கொண்டுபோனது.
அவன் காதருகே கை குவித்தான்: "என்ன?"

கயிறு அதிர்ந்தது. நான் அவள் கோட்டைப் பற்களால் பிடித்துக்கொண்டேன்.
அவள் மூச்சை இழுத்து
முதல் எழுத்திலிருந்து
மறுபடி தொடங்கினாள்.