பந்தயம் ஒரு மீன் ரோல்ஸ்

பத்தாம் ஆண்டு பி-யில் ஒரு பந்தயம் நடந்தது.
காலைச் செபத்தில் எவள் கண்ணை மூடுகிறாளோ
அவள் இடைவேளைக்கு
எல்லாருக்கும் மீன் ரோல்ஸ் வாங்க வேணும்.

வைத்தவள் மெர்லின் அந்திராதோ.
தகப்பனுக்குத் தச்சுப் பட்டறை,
பள்ளிக்கூட மாதா கெபிக்கு
கண்ணாடிக் கதவு போட்டதும் அவர்தான்.
"மூடினா மட்டும் என்னகா தெரியப்போகுது?
இருட்டுத்தானே."
ஐந்து பேர் சிரித்தோம்.
நான் கொஞ்சம் பிந்தி,
உபதேசியார் மகள் என்றபடியால்
கூடுதல் சத்தமாய்.

திறந்த கண்ணோடு நின்ற முதல் நாள்
மண்டபம் புதிதாய் இருந்தது.
ஆமெனுக்கு முன்னமே
சிஸ்டர் பியட்ரிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார்.
ஃபேனுக்கு மேலே மைனா சேர்த்த வைக்கோல்.
ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று
முன்னால் நிற்பவளின் ரிபனை
மெல்ல மெல்ல அவிழ்க்கிறது.
ஜன்னலுக்கு வெளியே வாவியில்
நகராத ஒரு தோணி.
மூன்றாம் வரிசையில் துவாரணி.
களுதாவளை பஸ்ஸில் வருகிறவள்,
பிள்ளையாருக்கு நேர்ந்த கறுப்பு நூல் கையில்.
கண்ணை இறுக்கி மூடி
உதடு அசைய அசைய நின்றாள்.
பந்தயத்தில் அவளை யாரும் சேர்க்கவில்லை.

மூன்று மாதம் நான் தோற்கவில்லை.
வீட்டிலும், இராச்செபத்தில்,
அப்பாவின் மூடிய இமைகளையே பார்த்திருந்தேன்.
உள்ளே விழி உருள்வது தெரிந்தது.
யாரைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

மறுகா தவக்காலம்.
ஆயித்தியமலைக்குத் தியானம், இரண்டு பஸ்.
கீபோர்ட்காரன் ஒரே கட்டையை விடாமல் அழுத்த,
பிரசங்கியார் குரலைத் தணித்துத் தணித்துப் பேச,
முதலில் அழுதவள் மெர்லின்.
கையை உயர்த்தி, முழங்காலில் விழுந்து, மூக்கு வடிய.
பக்கத்தில் ஜெசிந்தா.
அவளுக்குப் பக்கத்தில் றொமிலா.
எனக்கு வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.
வந்தது.

திரும்பும்போது வலையிறவுப் பாலத்தில்
மாடுகள் மறித்து பஸ் நின்றது.
எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.
கன்னத்தில் காய்ந்ததை
நாக்கு எட்டுமட்டும் நக்கிப் பார்த்தேன்.
உப்புத்தான்.
யாருடையது என்று ருசியில் தெரியவில்லை.

திங்கட்கிழமை முழு வகுப்பும் கண்ணை மூடியது.
ரோல்ஸ் கதையை யாரும் எடுக்கவில்லை.
இடைவேளைக்கு
மெர்லின் துவாரணியின் மேசையில்
கையடக்கப் புதிய ஏற்பாடு ஒன்றை வைத்தாள்.
நாங்கள் சுற்றி நின்றோம்,
அன்பாகத்தான்,
காற்றுப் போக இடமில்லாமல்.
"தேங்க்ஸ்கா" என்றாள் துவாரணி,
நூல் கட்டிய கையை
மேசைக்குக் கீழே இறக்கிவிட்டு.

அடுத்த நாள் செபத்தில்
அவள் கண் திறந்திருந்தது.

உனக்கெப்படித் தெரியும் என்று
என்னிடம் கேட்காதீர்கள்.